முப்பத்தைந்தில் ஒன்பது

திருஞானசம்பந்தர் வீதியில்
என் கடைக்கு வருகிறவை பெரும்பாலும்
கலியாணப் படங்கள்,
பட்டமளிப்புப் படங்கள்,
சட்டம் போட்டதும் மாலை போட வேண்டிய படங்கள்,
மாலை போடலாமா என்று
வீட்டுக்காரருக்கே இன்னும் தெரியாத படங்கள்.

உப்புவெளி விடுதிக்காரர் லோஷனன்
மட்டைக் குழாயிலிருந்து உருவி விரித்தது
ஒரு மலை.

"இஸ்ரேல் ஓவியர் ஒருத்தற்ற. இப்ப இருக்கிற ஆள்தான்.
ரெண்டு மாசம் தங்கின பெட்டை ஒருத்தி
போகேக்க தந்திட்டுப் போனவ.
முப்பத்தஞ்சு பிரதிதான் அடிச்சதாம்.
பிறகு செப்புத்தகட்டில
குறுக்கால ஒரு கோடு கிழிச்சுப் போடுவினமாம்,
முப்பத்தாறாவது வராமலிருக்க."

அடியில் பென்சிலில் 9/35.
மற்ற மூலையில்
வலமிருந்து இடமாக நடந்துபோன கையெழுத்து.

"அந்த நம்பர் மறையக்கூடாது அக்கா.
விலையே அதிலதான்."

மறைக்கவில்லை.
தகடு அழுத்திய பள்ளம்
கடதாசியில் நாலு பக்கமும் இருந்தது.
விரலால் தடவினால்
வயல் வரம்பிலிருந்து கால் சறுக்குவதுபோல.
அதற்கும் வெளியே ஒரு விரற்கடை விட்டு
மட்டை வெட்டினேன்.
கீழே விழுந்த ஓரங்களை
வீதியில் திரிகிற மான் ஒன்று வந்து முகர்ந்தது.
கச்சான் சுற்றின கடதாசி என்றால் தின்றிருக்கும்.

பூதக்கண்ணாடி வைத்திருப்பது
பழைய படங்களில் பூஞ்சணம் பார்க்க.
அதை மலைமேல் வைத்தேன்.
முடியைவிட மெல்லிய கோடுகள்
ஒன்றன்மேல் ஒன்று விழுந்து
பள்ளத்தாக்கு ஆகின்றன.
கோடு போடாமல் விட்ட இடம் வெயில்.
படிப்படியாய் இறங்கும் கற்கள்.
ஆள் இல்லை. ஆடு இல்லை. கூரை இல்லை.
மலையின் இடுப்பில் மட்டும் சப்பாத்திக்கள்ளி,
நேராக வந்து, சதுரமாகத் திரும்பி,
ஒரு ஆள் புகும் அளவு இடைவெளி விட்டு
மறுபடி தொடர்ந்து.

தானாய் முளைத்ததற்கு
மூலை திரும்பத் தெரியாது.
படலைக்கு இடம் விடத் தெரியாது.

அந்த நாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது
செய்தியில் காட்டுகிற புகை.
வேலி தெரியும்.
கிளிவெட்டி முகாமிலிருந்து
ஒன்பது வருசம் கழித்துச் சம்பூருக்குப் போனபோது
வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை,
அத்திவாரக் கல்லும் இல்லை,
கிணற்றை மண் போட்டு மூடியிருந்தது.
கிளுவைக் கதியால்கள் மட்டும்
மரமாகி நின்றன, வரிசை குலையாமல்.
எங்கள் காணி எதுவென்று
கச்சேரிக் கடதாசிக்கு முதல் சொன்னவை அவைதான்.
சுற்றிவர வெட்டவெளி.
எங்காலும் நுழையலாம்.
அண்ணன் படலை இருந்த இடைவெளியால்தான் போனான்.

கள்ளிக்கு நடுவே கண்ணாடியைக் கொண்டுபோனேன்.
அங்கே கோடுகள் கொஞ்சம் மங்கல்,
கீறிய எதையோ தேய்த்து அழித்துவிட்டு
மேலே புல் கீறியதுபோல.
அல்லது
மை சரியாகப் பிடிக்காத பிரதியோ.
மற்ற முப்பத்துநான்கையும் பார்த்தால் தெரியலாம்.
ஓவியருக்குத் தெரிந்திருக்குமோ,
கண்டதைக் கண்டபடி கீறினாரோ,
யாருடைய காணி என்று ஒருவரையாவது கேட்டாரோ.
பென்சிலில் எண் மட்டும்தான்.

கண்ணாடி துடைத்து, மட்டை வைத்து,
பின்பலகை அடித்து நிமிர்த்திப் பிடித்தால்
உள்ளே ஒரு எறும்பு.

எப்போதாவது நடக்கிறதுதான்.
மணப்பெண்களின் நெற்றியில் நடந்திருக்கிறது.
உடனே கழற்றித் தட்டிவிடுவேன்.
இது அடிவாரத்தில் நின்று மீசை ஆட்டியது.
பிறகு ஏறத் தொடங்கியது,
வெயிலில் கொஞ்சம், நிழலில் கொஞ்சம்.

லோஷனன் வாசலில் ஹோர்ன் அடித்தார்.
"முடிஞ்சுதா அக்கா?"

"பொறுங்கோ" என்றேன்.
"உள்ளுக்க ஆள் நிக்குது."

அது படலையால் போகும் என்று
ஏனோ எதிர்பார்த்திருந்தேன்.
போகவில்லை.
கள்ளிக்கு மேலாலேயே ஏறி
அந்த மங்கலான இடத்தில் போய் நின்றது.

கொஞ்சநேரம் விட்டு
குறட்டை எடுத்து
முதல் ஆணியைப் பிடுங்கினேன்.